எலும்பில் தங்கிய தூள்

"நீங்களும் வாயைத் திறங்க" என்று டொக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நோயாளி நானில்லையே! முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு கட்டிலில் கிடந்தது என் வீட்டுக்காரர். நான் அவருக்குச் சோறு கொண்டு வந்தவள். ஐந்து மாத வயிறும் கையில் சோற்றுப் பார்சலுமாக, இரத்தினபுரி ஆஸ்பத்திரி வாட்டின் நடுவில் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். பக்கத்துக் கட்டில்காரர் வேறு எட்டிப் பார்த்தார்.

டொக்டர் ஒரு சின்ன டோர்ச்சை அடித்து என் ஈறுகளைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பார்த்தார். எத்தனை மாதம் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. அந்த முகம் மாறிய இடத்தில்தான் என் நோய் தொடங்கியது. அதுவரை எனக்கு இருந்ததையெல்லாம் மசக்கை என்றே நினைத்திருந்தேன்.

சத்துத் தூள் என்று ஏதாவது ஒன்று வீட்டில் வைத்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, ஒருவருக்கென்று வாங்கியதை அவர் மட்டும் சாப்பிடும் பழக்கமில்லாத வீடுகளுக்காக.

நாங்கள் குருவிட்டப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்து ஆட்கள். நான் பால் வெட்டுகிறவள். வீட்டுக்காரர் பெயர் சிவராஜ். றப்பர் ஸ்டோரில் சுமை தூக்குகிறார். பகல் முழுக்கத் தூக்கிவிட்டு, மாலையில் பஸ் ஏறி டவுனுக்குப் போய் ஜிம்மிலும் இரும்பைத் தூக்குவார். "பகல்ல தூக்குனது பத்தலையாக்கும்" என்று நான் கேட்காத நாளில்லை. ஆணழகன் போட்டியில் ஒரு மெடல் எடுத்தால் எங்காவது பயிற்சி கொடுக்கும் வேலை கிடைக்கும், பிறக்கப்போகும் பிள்ளை லயத்து வரிசை வீட்டில் வளரத் தேவையில்லை என்பது அவர் யோசனை. சும்மா சொல்லக்கூடாது, ஆள் பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தார்.

அந்த ஜிம்மில்தான் கிரியேட்டின் (இறைச்சியிலும் மீனிலும் இயற்கையாகவே உள்ள, தசைக்குச் சக்தி கொடுக்கும் பொருள்) என்ற வெள்ளைத் தூள் கிடைத்தது. ஜிம் நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அவர் கொழும்பில் யாரிடமோ ஒரு பீப்பாய் நிறைய வாங்கி வந்து, வெறும் பிளாஸ்டிக் பைகளில் போட்டு முடிந்து, பையன்களுக்குக் கொடுத்தார். பையில் பெயர் இல்லை, திகதி இல்லை, எங்கே செய்தது என்று ஒரு எழுத்து இல்லை. வெள்ளையாக, மாவு போல இருந்தது. வாசமும் இல்லை.

இங்கே எங்கள் லயத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கர்ப்பிணிக்கும் கைப்பிள்ளைக்கும் என்று கிளினிக்கில் சத்துமா கொடுப்பார்கள். அந்தப் பையை வீட்டுக்குக் கொண்டுவந்து தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்தால், அது வாங்கியவளுக்கு மட்டும் போகாது. புருஷனுக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக் காம்பராப் பிள்ளைக்கு ஒன்று. அப்படிக் கொடுக்காதவளை நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். சத்து என்றால் அது வீட்டுக்கு வந்த சத்து. பேர் எழுதி வைத்துச் சாப்பிடுகிற சாமான் அல்ல.

ஆகவே அவருடைய தூளும் அப்படித்தான் ஆனது. "ஏ புள்ள, சத்துதானே, வயித்துல உள்ளதுக்கும் நல்லம், நீயும் ஒரு கரண்டி போட்டுக்க" என்றார் அவர். நானும் காலையில் பால் வெட்ட மலைக்குப் போகுமுன் தேத்தண்ணியில் கலக்கிக் குடித்தேன். ஒரு போத்தலில் கொஞ்சம் அள்ளி, கீழ் லயத்துப் பாக்கியம் அக்காவுக்கும் கொடுத்தேன். அவருடைய மகள் தலைப் பிரசவத்துக்கு வரவிருந்தாள். இதில் யார் குற்றம் என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டாயிற்று. எங்கள் லயத்தில் ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

முதலில் வீட்டுக்காரருக்குத்தான் வந்தது. வயிற்று வலி. சாதாரண வலி அல்ல, குடலைப் பிடித்துத் துணி பிழிவது போல முறுக்குமாம். மலம் போகாது. தோட்டத்து டிஸ்பென்சரியில் கேஸ்டிக் என்று மாத்திரை கொடுத்தார்கள், அடுத்த முறை பூச்சி மருந்து கொடுத்தார்கள். முகம் வெளிறிப் போனது. மூட்டை தூக்கும்போது வலது கை மணிக்கட்டு தொய்ந்தது. "பலம் கொறஞ்சிருச்சு, இன்னும் ஒரு கரண்டி கூட்டிப் போடு" என்று ஜிம்மில் சொன்னார்களாம். கூட்டிப் போட்டார். அவர் மெலியமெலியத் தூள் கூடியது.

எனக்குத் தலைவலி இருந்தது, மலச்சிக்கல் இருந்தது, மலை ஏறினால் மூச்சு வாங்கியது. பிள்ளைத்தாச்சிக்கு இதெல்லாம் இருக்கும் என்றார்கள். இருக்கும்தானே? நானும் பேசாமல் இருந்தேன்.

ஒரு காலையில் ஸ்டோர் வாசலிலேயே சுருண்டு விழுந்தார். காய்ச்சலும் சேர்ந்திருந்ததால் எலிக்காய்ச்சல் என்று பயந்து இரத்தினபுரிக்கு ஏற்றினார்கள். மாணிக்கக் குழியும் சேறும் உள்ள ஊர். எலிக்காய்ச்சல் என்றால் எல்லோருக்கும் குலை நடுங்கும். அது இல்லை என்று வந்தபோது நான் சாமிக்குத் தேங்காய் உடைக்க நேர்ந்துகொண்டேன். கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

வாட்டு டொக்டர் ஒரு இளம் சிங்களப் பெண். சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனையில் ஒரு எண் சற்றுக் கூடியிருக்கிறது, ஆனால் சிறுநீர் நன்றாக இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே நின்றவர், வீட்டுக்காரருடைய தோளைப் பார்த்தார். ஜிம்முக்குப் போகிறீர்களா, ஏதாவது தூள் குடிக்கிறீர்களா என்று கேட்டார். அந்தத் தூள் குடித்தாலே அந்த எண் கூடுமாம். பிறகு உதட்டை விலக்கிப் பார்த்தார். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் மெல்லிய நீலக் கறுப்புக் கோடு ஓடியது. தினமும் பார்க்கிற முகம், நான் அதைப் பார்த்ததில்லை. வீட்டுக்காரரின் இரத்தத்தை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தபோது சிவப்பணுக்களுக்குள் புள்ளி புள்ளியாக இருந்ததாம். அப்போதுதான் அந்தச் சொல் வந்தது: ஈய நஞ்சு (ஈயம் என்ற உலோகம் உடம்பில் சேர்ந்து இரத்தம், நரம்பு, குடல் எல்லாவற்றையும் கெடுப்பது).

"பழைய பெட்டரி உருக்குறீங்களா? பெயிண்ட் சுரண்டுற வேலை செய்றீங்களா? எந்தச் சட்டியில் சமைக்கிறீங்க?" என்றெல்லாம் கேட்டார். எதுவுமில்லை. "அந்தத் தூளை வேற யாரு குடிச்சா?" என்றார் கடைசியாக. நான் சோற்றுப் பார்சலைக் கீழே வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்கச் சொன்னார்.

என் ஈற்றில் கோடு இல்லை. கோடு இல்லையென்றால் நஞ்சு இல்லை என்று அர்த்தமில்லை என்றார் டொக்டர். என் இரத்தத்தையும் எடுத்தார்கள். இரண்டு குழாயும் கொழும்புக்குப் போக வேண்டும். பதில் வர நாளாகும்.

"புள்ளைக்குப் போயிருக்குமா டொக்டர் நோனா?" என்று கேட்டேன்.

அவர் பொய் சொல்லவில்லை. ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டும் என்றார். பிள்ளை குறைமாதத்தில் பிறக்கலாம், எடை குறையலாம், மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம். எவ்வளவு என்பது எவ்வளவு போனது என்பதைப் பொறுத்தது. கிரியேட்டின் கெட்டதில்லை, அதோடு சேர்ந்து வந்ததுதான் கெட்டது என்றும் சொன்னார். மருந்து என்றால் நாட்டுக்குள் வருமுன் பரிசோதனை உண்டு. சத்துத் தூள் சாப்பாட்டுச் சாமான் மாதிரிக் கடைக்கு வந்துவிடுகிறது. பீப்பாயிலிருந்து பைக்கு மாறியதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"ஆனா தூள்தான்னு நான் இன்னும் சொல்ல ஏலாது" என்றார். "அதைப் பரிசோதிக்கணும். அதுல இல்லேன்னா உங்க வீட்டுலயோ தண்ணியிலயோ இருக்கு. அப்படின்னா நீங்க இப்பவும் குடிச்சிக்கிட்டு இருக்கீங்க. மிச்சத் தூளைக் கொண்டு வாங்க."

மிச்சம் ஏது? அதற்கு முதல் நாள் டொக்டர் தூளைப் பற்றிக் கேட்டவுடனேயே, வீட்டுக்காரர் தன்னைப் பார்க்க வந்த ஸ்டோர் கூட்டாளியிடம், வீட்டில் உள்ளதையெல்லாம் எடுத்து ஆற்றில் கொட்டச் சொல்லியிருக்கிறார். மாஸ்டருக்கு ஏதும் வில்லங்கம் வந்துவிடுமோ என்று பயம். கூட்டாளி பையோடு கொட்டிவிட்டான்.

"புத்தி இருக்கா உங்களுக்கு? வயித்துல இருக்கிறது மாஸ்டர் புள்ளையா, உங்க புள்ளையா?" என்று வாட்டென்றும் பாராமல் கத்தினேன். அவர் அழுதார். வயிறு முறுக்கும்போதுகூட அழாத மனுஷன். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் கோபம் தீரவில்லை.

ஜிம்முக்கு ஆள் அனுப்பிக் கேட்டோம். பீப்பாயும் காலி, பையன்களும் குடித்து முடித்துவிட்டார்கள்.

பஸ்ஸில் திரும்பி வரும் வழியில்தான் பாக்கியம் அக்காவின் போத்தல் ஞாபகம் வந்தது. மகள் அந்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வந்திருந்தால்? நிறைமாதப் பெண் கரண்டி கரண்டியாகக் குடித்திருந்தால்? எங்களுக்குச் சாட்சியாக ஒரு போத்தல் தூள் வேண்டும் என்று ஒரு பக்கம் மனது அடித்துக்கொண்டது. அந்தத் தூள் குறையாமல் இருக்க வேண்டும் என்று மறுபக்கம். பஸ் நின்றதும் இறங்கி, வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, குறுக்குப் பாதையில் கீழ் லயத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

"அக்கோவ்! அந்தத் தூளு எங்க? யாரும் குடிச்சீங்களா?"

"என்னாடி இப்படி மூச்சு வாங்குற? புள்ளைத்தாச்சி ஓடி வர்றதப் பாரு!" என்று அக்கா ஏசினார். "மகதான் இன்னும் வரலையே. வந்தோன்ன குடுப்போம்னு சாமித்தட்டுல வச்சிருக்கேன்."

முருகன் படத்துக்கு முன்னால், மூடியில் குங்குமப் பொட்டோடு, போத்தல் நிறைய இருந்தது. பகிர்ந்து கொடுக்கிற வழக்கம் என் பிள்ளை வரைக்கும் நஞ்சைக் கொண்டுவந்தது. அதே வழக்கம்தான் ஒரு போத்தலைக் காப்பாற்றியும் வைத்திருந்தது. நடந்ததைச் சொன்னதும் அக்கா போத்தலை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, தன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரி வழியாக அனுப்பினால் சுணங்கும் என்பதால், டொக்டர் கடிதம் எழுதிக் கையில் தந்தார். வீட்டுக்காரர் எழுந்து நடக்கத் தொடங்கியிருந்தார். இருவருமாகப் போத்தலோடு கொழும்புப் பரிசோதனைக்கூடத்துக்குப் போனோம். யுத்த காலம். தமிழ் ஆள், பெயர் எழுதாத வெள்ளைத் தூள், கொழும்பு பஸ். நினைத்துப் பாருங்கள்.

சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் பையைத் திறந்து போத்தலை வெளியே எடுத்தான். இது என்ன என்றான். வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். நான் கடிதத்தை நீட்டி, ஜிம் தூள் என்று சிங்களத்தில் சொன்னேன். சிப்பாய் கடிதத்தை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்தான். அவனுக்கும் நல்ல தோள். நீங்கள் ஜிம்முக்குப் போகிறவரா, எங்கே வாங்கினீர்கள், நல்ல சாமானா என்று என் வீட்டுக்காரரிடம் ஆசையாகக் கேட்டான். விரலை நனைத்து உள்ளே விடப் பார்த்தான்.

"ஏக்க கன்ன எப்பா மாத்தயா!" என்று கத்திவிட்டேன். அதைச் சாப்பிடாதீர்கள் என்று அர்த்தம். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகுதான் கடிதத்தைப் படித்தான். படித்ததும் என் வயிற்றைப் பார்த்தான். மூடியை இறுக்கி மூடி, இரண்டு கையாலும் போத்தலைத் திருப்பித் தந்தான்.

காத்திருந்த நாட்களைப் பற்றி என்ன எழுதுவது? பிள்ளை உதைத்தால், வலிக்குதோ என்று பயம். உதைக்காவிட்டால் அதைவிடப் பயம். தண்ணீர் குடிக்கும்போது இதிலும் இருக்குமோ என்று நினைப்பேன். வீட்டுக்காரர் இருமினால்கூட ஓடிப் போய் ஈற்றைப் பார்ப்பேன். "வாயத் தொறங்க" என்பேன். அவரும் திறப்பார்.

பதில் வந்தது. தூளில் ஈயம் இருந்தது, நிறையவே. எப்படி வந்தது என்று அந்தத் தாளில் இல்லை. பீப்பாயில் முன்னால் வேறு ஏதோ இருந்ததா, செய்த இடத்திலேயே கலந்ததா, யாருக்கும் தெரியாது. இன்றுவரை தெரியாது. விஷயம் கேள்விப்பட்ட மாஸ்டர் ஜிம் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாராம். அவருக்கும் பல மாதமாக வயிற்று வலி. பையன்களையெல்லாம் கூட்டிக்கொண்டு அவரே இரத்தம் கொடுக்க வந்து வரிசையில் நின்றார். அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு கேட்க முடியவில்லை.

வீட்டுக்காரருக்கு ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து கொடுத்தார்கள். எனக்கு ஈயம் அவரைவிடக் குறைவு. ஆனால் வயிற்றில் பிள்ளை இருப்பதால் அந்த மருந்து வேண்டாம் என்றார்கள். எனக்குக் கிடைத்தது சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும்தான். பாலும் மீனும் கீரையும் சாப்பிடு, விரதம் இருக்காதே என்றார் டொக்டர்.

"இவ்வளவுதானா?" என்றேன்.

அவர் விளக்கினார். உடம்புக்குள் போன ஈயத்தில் பெரும்பங்கு எலும்பில் போய்த் தங்கிவிடுமாம், சுண்ணாம்புச்சத்து மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு. வருஷக்கணக்காக இருக்குமாம். பிள்ளைக்கு எலும்பு வளரச் சத்துப் போதாவிட்டால் தாயின் எலும்பிலிருந்து எடுக்கும். அப்போது ஈயமும் சேர்ந்து இறங்கும். நான் பால் வெட்டுகிறவள். எனக்கு அது உடனே விளங்கியது. கத்தி பட்ட மரம் தன்னிடம் உள்ளதைத்தான் சிரட்டையில் இறக்கும். அன்றிலிருந்து ஒரு மாத்திரை தவறவில்லை. வெள்ளிக்கிழமை விரதத்தை விட்டேன். மாமியார் முணுமுணுத்தார். "சாமி என்கிட்ட கேக்கட்டும் மாமி, நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றேன்.

மகள் கொஞ்சம் முந்திப் பிறந்தாள். சின்ன உருவம். ஆனால் போட்ட சத்தம் வாட்டையே எழுப்பியது. தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து அனுப்பினார்கள். "இருக்கு, ஆனா குறைவு" என்று பதில் வந்தது. இந்த மூன்று சொல்லைப் போல ஆறுதலும் சித்திரவதையும் ஒன்றாக உள்ள பேச்சை நான் கேட்டதில்லை. தர்ஷினி என்று பெயர் வைத்தோம்.

வீட்டுக்காரர் பிழைத்தார். வயிறு சரியானது, நிறம் திரும்பியது. மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. மெடல் ஆசை போய்விட்டது. ஸ்டோரில் சுமை தூக்குவதை விட்டு றப்பர் ஷீட் காயவைக்கும் பக்கம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சில நேரம் கையை மேலே தூக்கி, விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் பார்க்காதது போல இருந்துவிடுவேன்.

உங்கள் வீட்டில் இப்படி நடந்தால், தூளைக் கொட்டிவிடாதீர்கள். மூடி வையுங்கள், டொக்டரிடம் கொண்டு போங்கள். யார் யார் குடித்தார்கள் என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். வாங்குமுன், இதை யார் பரிசோதித்தது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள். எனக்கு அப்போது யாரும் இதைச் சொல்லவில்லை.

கிளினிக் சத்துமாவை இப்போதும் உருண்டை பிடித்துப் பங்கு கொடுக்கிறேன். அது சோதித்த மா என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முதல் உருண்டையை நான் தின்றுவிட்டுத்தான் கொடுக்கிறேன். நஞ்சுக்கு ருசி இல்லை, நான் முதலில் தின்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை என்பதும் தெரியும்.

என் எலும்புக்குள் அது இருக்கிறது. வலிக்காது, தெரியாது. இன்னொரு பிள்ளை வேண்டுமா என்று அவர் ஒருமுறை கேட்டார். வயதாகி எலும்பு தேயும்போதும் வெளியே வருமாம். மற்றவர்களுக்கு நடந்தது நடந்து முடிந்துவிடும். எனக்கு நடந்தது இனியும் நடக்கக் காத்திருக்கிறது.

தர்ஷினிக்கு இப்போது மூன்று வயது. வாய் ஓயாது. பிந்தி நடந்தாள், ஆனால் நடந்தாள். மூளைக்கு ஏதும் ஆகவில்லை என்று எப்போது தெரியும் என்று டொக்டரிடம் கேட்டேன். "பள்ளிக்கூடம் போகட்டும்" என்றார். "அப்பவும் முழுசாத் தெரியாது. எல்லாப் பிள்ளையும் ஒரு மாதிரியா?"

அவளுக்கு எண்ணச் சொல்லிக் கொடுக்கிறேன். வாசலில் உட்கார்ந்து றப்பர் கொட்டைகளை அடுக்கி வைப்பாள். போன வாரம் ஒன்றிலிருந்து ஏழு வரை சரியாகச் சொல்லிவிட்டு, எட்டை விட்டுவிட்டு, ஒன்பது பத்து என்றாள். மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் எட்டு இல்லை. "எல்லாப் புள்ளையும் விடும்டி, எம் மவன் அஞ்சு வயசு வரைக்கும் விட்டான்" என்று பாக்கியம் அக்கா சிரித்தார். அவர் சொல்வது சரிதான். எல்லாப் பிள்ளையும் விடும். அவர்கள் விட்டால் அது விளையாட்டு. என் பிள்ளை விட்டால், அந்த இடத்தில் எனக்கு வெள்ளைத் தூள் தெரிகிறது.

நேற்று எட்டைச் சொல்லிவிட்டாள். நான் அவளைத் தூக்கி வைத்து முத்தம் கொடுத்தேன். அவள் திமிறி இறங்கி, கொட்டைகளை மறுபடி வரிசையாக வைத்து, தானாகவே முதலிலிருந்து எண்ணினாள்.

ஒன்பதை விட்டுவிட்டாள்.